முப்பத்தைந்துக்கு நாற்பத்தைந்து

முப்பத்தைந்து மில்லி அகலம், நாற்பத்தைந்து உயரம்.
இரண்டு காதும் தெரிய வேண்டும்.
பின்னால் வெள்ளை. பல் தெரியக் கூடாது.
இருபத்திரண்டு வருஷமாகக்
கீழக்கரையை இந்த அளவுக்குள்தான் வெட்டி
அனுப்பிக்கொண்டிருக்கிறேன்
துபாய்க்கும் தம்மாமுக்கும்.

திரும்பி வருகிறவர்கள்
அதே நாற்காலியில் உட்கார்ந்து
அதே மாதிரி சிரிக்காமல் இருக்கிறார்கள்.

லுஹருக்குப் பிறகு ஆள் வராத நேரம்
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக்
கேமராவோடு கிளம்புவேன்.
வாலிநோக்கம் உப்புக் குவியலின் ஒரு பக்க நிழல்.
வத்தையின் வயிற்றில் தார் பூசிய ஒட்டு.
கரைவலையில் ஒரு முடிச்சு, முடிச்சு மட்டும்.
"இதை யாருக்குக் குடுக்கப் போறீக?"
என்பாள் வீட்டில்.
யாரென்று காட்டத்தான் படம்
என்று பாஸ்போர்ட் ஆபீஸ் சொல்கிறது.
செல்போன்காரர்கள் நாளுக்கு நாற்பது எடுக்கிறார்கள்,
நாற்பதிலும் அவர்களே.
யாரென்றே சொல்ல வேண்டாத ஒரு வெளிச்சம்
எனக்கு வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

நம்புத்தாய் வந்தது அட்டைப் படத்துக்கு.
சின்ன ஏர்வாடி. பாசி எடுக்கிறவள்.
மரிக்கொழுந்துப் பாசி என்று பெயர்;
வாசம் பெயரோடு சரி.
கல்லைக் கவ்வி வளர்வதைப் பிய்த்தெடுக்க
விரலுக்குத் துணி சுற்றி
காலில் தட்டுக் கட்டி
மூச்சடக்கி இறங்க வேண்டும்.

ரேஷன் கடை மெஷினில் அவள் கட்டைவிரலை
எட்டுத் தடவை வைத்தார்களாம்.
சேலையில் துடைத்து ஒரு தடவை.
தேங்காயெண்ணெய் தொட்டு ஒரு தடவை.
அப்படி ஆளே இல்லை என்றதாம் மெஷின்.
"இந்தா முன்னாடிதான நிக்கேன்"
என்றாளாம் மெஷினைப் பார்த்து.

காட்டுங்க என்றேன்.

பாதி ஷட்டருக்குக் கீழே நுழையும்
மூணு மணி வெயிலில்
ஒரு பலகை மேல் விரலை வைக்கச் சொல்லி
மேக்ரோ லென்ஸை மாட்டிக்கொண்டு
நானும் மூச்சடக்கினேன்.
விரலோடு பொழுது போய்விட்டது.
முகம் எடுக்க இருவருமே மறந்துபோனோம்.

கறுப்பு வெள்ளை. மூன்றடிக்கு நான்கடி.
கடைச் சுவரில் மாட்டினேன், முகங்களுக்கு நடுவே.

வத்திப்போன கடல் என்றார் ஒருவர்.
நிலா என்றது ஒரு பிள்ளை.
காசிம் மாமா கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்
தாழ்ந்த குரலில் கேட்டார்:
"ஸ்கேனா? யாருக்கு?"

மரைக்காயர்பட்டணம் பக்கம் விடுதி கட்டுகிறவர்
வந்த வேலையை விட்டுவிட்டு நின்றார்.
"ட்ரோன்ல எடுத்ததா? எந்தத் தீவு?"
வரவேற்பறைக்கு வேண்டுமாம். பன்னிரண்டாயிரம்.
என் கடையில் ஒரு படத்தின் முன்
ஒருவர் இவ்வளவு நேரம் நின்றதில்லை.
வெட்டிக் கொடுத்ததும் பர்சில் போட்டுக்கொண்டு
போய்விடுவார்கள்.

நம்புத்தாய்க்கு ஆள் அனுப்பினேன்.
படத்துக்கு நேரே விரலை நீட்டிப் பிடித்து
அதையும் இதையும் மாறிமாறிப் பார்த்தாள்.
"இந்தப் பள்ளம் முள்ளித்தீவு.
இது அப்பா தீவு, கல்லு கிழிச்சது, மூணு தையல்.
இந்தக் கோடு...
இது கடல் இல்ல. அருவாமனை."

எந்தத் தீவு என்று கேட்டவர்
அப்படியொன்றும் தப்பாகக் கேட்டுவிடவில்லை.

கொடுத்துவிடவா என்றேன்.
கட்டைவிரல் என்று கீழே எழுதி
உங்கள் பேரும் போட்டு.

"பேரெல்லாம் வேணாம் லெப்பை.
கடல்னே நெனச்சுக்கிரட்டும்.
கைன்னு சொன்னீகன்னா
வெலையக் கொறச்சுருவான்."

பாதியை எண்ணிக் கொடுத்தேன்.
கணக்கு நோட்டில் மையைத் தொட்டு அழுத்தினாள்:
கோடே இல்லாத ஒரு நீல முட்டை.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள்.
அட்டைப் படம் பாக்கி இருந்ததே.
காது தெரிய முடியை ஒதுக்கிக்கொண்டாள்.
சிரிக்காதீங்க என்றேன்.
நாலைந்து தடவை சொல்ல வேண்டியிருந்தது.